மேக்ஸ்7219 டாட் மேட்ரிக்ஸ் போர்டு: வைஃபையில் எழுத்து ஓடவிட ஏற்றதா?

மேக்ஸ்7219 சிப்பால் ஓடும் எஃப்சி-16 வகை நாலு-கட்ட எல்இடி போர்டையும், நோட்எம்சியு என்ற சிறு வைஃபை கன்ட்ரோலரையும் (இஎஸ்பி8266 சிப் உள்ளது) சேர்த்தால் போதும், போனிலிருந்து அனுப்பும் வாசகத்தைச் சுவரில் ஓடவிடலாம். தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரும் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் ஒரு 74எச்சிடி125 ஐசியும் வாங்கிவிடுங்கள். இந்த போர்டைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த இரண்டும் இல்லாததால் வருபவை.

போர்டில் 32×8 புள்ளிகள். ஒரே நேரத்தில் ஐந்து ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். வாக்கியம் படிக்க இரண்டு போர்டுகளைக் கோப்பதே நல்லது. வயர் இணைப்பு இப்படி: போர்டின் டிஐஎன் (டேட்டா உள்ளே வரும் முனை) நோட்எம்சியுவின் டி7-க்கு, சிஎல்கே (கிளாக்) டி5-க்கு, சிஎஸ் (சிப் செலக்ட்) டி8-க்கு. போர்டின் இரு முனையிலும் ஐந்தைந்து துளைகள் இருக்கும். டிஓயுடி (டேட்டா வெளியே போகும் முனை) என்று அச்சிட்ட பக்கத்தில் வயர் கொடுத்தால் எழுத்து வரவே வராது.

கரன்ட் கணக்கைப் பாருங்கள். எல்லா எல்இடியும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒரு கட்டத்தை ஓட்டும் மேக்ஸ்7219 சிப்புக்குச் சுமார் 320 மில்லிஆம்பியர், நாலுக்கும் 1.3 ஆம்பியர் வரை போகும். எழுத்து ஓடும்போது இதில் சிறு பங்குதான் செலவாகும். ஆனால் வைஃபை அனுப்பும் நொடியில் நோட்எம்சியுவும் 300 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டுக்கும் கம்ப்யூட்டர் யுஎஸ்பியையே நம்பினால் வோல்டேஜ் சரிந்து ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அடாப்டரிலிருந்து போர்டுக்கு நேராக 5 வோல்ட் கொடுங்கள், போர்டு, நோட்எம்சியு இரண்டின் கிரவுண்டையும் இணையுங்கள், போர்டின் வாசலிலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். வெளிச்ச அளவை 0 முதல் 15 வரை வைக்கலாம். அறைக்குள் 3 தாராளம்.

அடுத்தது சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்7219-க்கு 'ஹை' என்றால் குறைந்தது 3.5 வோல்ட். நோட்எம்சியு தருவதோ 3.3. மேசையில் குட்டை வயரில் ஓடிவிடும். வயரை நீட்டியதும் ஒரு கட்டம் உறைந்து நிற்கும், அல்லது இரைச்சலில் சிப் டெஸ்ட் மோடுக்குப் போய் எல்லாப் புள்ளிகளும் பளீரென்று எரியும். 5 வோல்ட்டில் இயங்கும் அந்த 74எச்சிடி125-ஐ மூன்று சிக்னலுக்கும் நடுவில் போட்டால் தீர்ந்தது.

மென்பொருளுக்கு எம்டி பரோலா லைப்ரரி அருமை. ஹார்ட்வேர் வகையை எஃப்சி16 என்று கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து திரும்பியோ புரண்டோ தெரிந்தால் தவறு அங்கேதான். முக்கியமான ஒன்று: பரோலா வாசகத்தைத் தன்னிடம் நகலெடுத்து வைப்பதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த பஃபரில் (வாசகம் இருக்கும் நினைவக இடத்தில்) புதுச் செய்தியை எழுதினால் பாதியில் குப்பை ஓடும். இரண்டு பஃபர் வைத்து, வருவதை ஒன்றில் வாங்கி, ஒரு சுற்று முடிந்த பிறகே மற்றதற்கு மாற்றுங்கள். நிரல் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் டிலே (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) வேண்டவே வேண்டாம், ஓட்டம் விக்கும். வேகத்துக்கு, ஒரு நகர்வுக்கு 40 மில்லிசெகண்ட் என்பது படிக்க இதமானது. ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் இஎஸ்பி8266-க்கு அது தெரியாது.

தமிழ் எழுத்து வேண்டுமென்றால் உழைப்பு கூடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். பரோலாவோ ஒரு பைட்டை ஒரு எழுத்தாக எடுக்கும். அதோடு, கொம்பும் கொக்கியும் 8 வரிசைக்குள் அடங்காது. இரண்டு போர்டை மேலும் கீழுமாக அடுக்கி 16 வரிசையாக்கி, வாசகத்தைப் படமாக வரைந்து அனுப்புவதுதான் வழி.