இரவு இரண்டு மணிக்கு விடிந்துவிடும் வீடு: ஸ்மார்ட் பல்ப், மூன்று வருஷ அனுபவம்

ஸ்மார்ட் பல்ப் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வீடு முழுக்கப் போட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஆறு பல்ப் எரிகின்றன. எல்லாம் 9 வாட், நேரடியாக வைஃபையில் சேர்ந்து போன் ஆப்பிலிருந்து இயங்கும் வகை. இதுவரை ஒன்றுகூட ஃப்யூஸ் போகவில்லை. அதில் குறையே கிடையாது.

ஆப்பில் ரெடிமேட் சீன்கள், அதாவது நிறமும் வெளிச்சமும் முன்பே அமைத்து வைத்தவை, ஏராளம். கடல், காடு, நெருப்பு, விருந்து என்று முதல் வாரம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கடல் சீனில் அம்மாவின் நெற்றிக் குங்குமம் கறுப்பாகத் தெரிந்தது. அந்த நீல ஒளியில் சிவப்பே இல்லாதபோது வேறு எப்படித் தெரியும்? வண்ண சீன்களில் வெள்ளை எல்இடிகள் அணைந்து வண்ண எல்இடிகள் மட்டும் எரிவதால் வெளிச்சமும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மூலைக்கொரு விளக்கு, மேசைக்கொரு விளக்கு இருக்கும் அறைக்கு இவை அழகாக இருக்கலாம். எங்கள் ஹாலில் வெளிச்சம் வருவது சுவர் உச்சியில் இருக்கும் ஹோல்டரிலிருந்து. 6500 கெல்வின் ட்யூப்லைட் வெள்ளையிலேயே வாழ்ந்த வீட்டில் 2700 கெல்வின் மஞ்சளை மங்கலாக எரியவிட்டால், வருகிறவர்கள் "லோ வோல்டேஜா?" என்று கேட்கிறார்கள். இப்போது நாங்கள் பயன்படுத்துவது இரண்டே சீன்: வாசிப்பு, இரவு.

இந்த இரவு சீனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்திருப்பார். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு திடீர் வெளிச்சம் அவருக்கு ஆகாது. இருட்டில் நடக்கவும் பயம். பத்து மணி ஆனதும் அவர் அறை பல்பும் நடை பல்பும் தாமாகவே அடர்மஞ்சளுக்கு மாறி, ஐந்து சதவீதத்தில் நின்றுவிடும். படுத்தால் தூக்கம் கெடாது, எழுந்தால் வாசற்படி தெரியும். மூன்று வருஷத்தில் அம்மா ஒருமுறைகூட இடறவில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆனால் கரண்ட் போய் வர வேண்டும், அப்போது தெரியும். ஆரம்பத்தில், இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் ஆறு பல்பும் முழு வெள்ளையில் பளீரென்று எரிந்தன. அணைத்து வைத்திருந்த பல்பும் சேர்ந்துதான். ஒருமுறை ஒரே ராத்திரியில் மூன்று தடவை. "ஏன்டா, விடிஞ்சிடுச்சா?" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு அம்மா கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பல்பை இப்படிச் செய்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வைஃபை செத்துப்போனாலும் சுவர் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டால் விளக்கு எரிய வேண்டும். நியாயம்தான். அப்படியானால் கரண்ட் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே ஆப் கேட்டிருக்கலாமே! அந்த செட்டிங் இருப்பதையே ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். 'கடைசியாக இருந்த நிலை' என்று மாற்றினேன். நான்கு பல்பில் வேலை செய்தது. முதலில் வாங்கிய இரண்டில் அந்த வசதியே இல்லை. அந்த இரண்டில் ஒன்றுதான் அம்மா அறையில் இருந்தது. இடம் மாற்றி மாட்டினேன்.

அதோடும் தீரவில்லை. ஒன்பதரைக்குப் போன கரண்ட் பதினொன்றுக்கு வந்தால், பத்து மணி உத்தரவு பல்புக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கடைசியாக இருந்த வாசிப்பு சீனே மீண்டும் எரியும். தவறிய உத்தரவை யாரும் திரும்ப அனுப்புவதில்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பிலேயே பல்ப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடச் சொன்னார் எலக்ட்ரீஷியன். மாறும் நேரம் குறைந்து, அந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றது. ஆனால் கோடையில் வோல்டேஜ் இறங்கினாலே இன்வெர்ட்டர் உடனே பேட்டரிக்குப் போய்விடுகிறது.

அப்புறம் சுவர் சுவிட்ச். யாராவது பழக்கத்தில் அதை அணைத்துவிட்டால் எந்த சீனும் வராது. இதை வீட்டில் ஒவ்வொருவருக்கும் சொல்லிப் பழக்க ஆறு மாதம் பிடித்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். சாதாரண 9 வாட் எல்இடி போடுங்கள், படுக்கையறைக்கு ஒரு சின்ன நைட் லேம்ப் போதும். விலை இன்னும் பாதியானாலும் இதையேதான் சொல்வேன். மீறி வாங்குவதாக இருந்தால், கரண்ட் போய் வந்தால் என்ன நிலையில் எரியும் என்று கடையில் கேட்டுவிட்டு, எத்தனை நிறம், எத்தனை சீன் என்று அப்புறம் கேளுங்கள்.

ஹால் பல்புகளை இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன். அம்மா அறையிலும் நடையிலும் இருப்பவற்றைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.