16,000 ரூபாய்க்கு வந்த போலி மடக்குக் கத்தி: லாக்கைச் சோதிக்காமல் கையில் எடுக்காதீர்கள்

ஸ்பைடர்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாராமிலிட்டரி 2 என்ற மடக்குக் கத்தியை ‘இறக்குமதி, நூறு சதவீதம் ஒரிஜினல்’ என்று சொல்லி ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி ஒரு விற்பனையாளரிடம் 16,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்தது போலி. பணம் போனதைவிட எனக்கு அதன் லாக் மேல்தான் கவலை. விரித்து லாக் விழுந்த பிறகும், பிளேடின் முதுகை லேசாக அழுத்தினால் கத்தி மடங்கிவிடுகிறது. விஷயம் தெரியாமல் யாராவது இதை வைத்து வேலை பார்த்தால் விரல் போய்விடும்.

எனக்குக் கோவையில் மோட்டார் பேனல், பம்ப்செட் வேலை. கேபிள் தோல் சீவ, பார்சல் பட்டை அறுக்க, இன்சுலேஷன் ஷீட்டை ஓரம் வெட்ட என்று நாள் முழுக்க பாக்கெட்டில் ஒரு கத்தி வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கத்திகள் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும், சாணை பிடித்து மாளாது. விலை போனாலும் பரவாயில்லை, நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். 2010இல் வந்த மாடல், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் என்ற ஊரில் தயாராவது. வேலைக்காகக் கத்தி வைத்திருப்பவர்களிடம் நல்ல பெயர் எடுத்தது.

அந்தப் பெயருக்கு முக்கியக் காரணம் அதன் கம்ப்ரெஷன் லாக். கத்தியை விரித்ததும், கைப்பிடியின் முதுகுப் பக்கம் இருக்கும் ஒரு எஃகுத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து, பிளேடின் அடிப்பாகத்துக்கும் ஸ்டாப் பின்னுக்கும் (பிளேடு வந்து முட்டி நிற்கும் சிறு கம்பி) நடுவே போய் உட்காரும். கதவு சாத்தாமல் இருக்க ஆப்பு வைப்பது மாதிரிதான். பிளேடை மடக்கும் பக்கம் எவ்வளவு அழுத்தினாலும் அந்தத் தகடு இரண்டுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு இறுக்கமாகப் பிடிக்கும். மூடும்போதும் விரல் பிளேடின் பாதையில் வராது. ஆனால் இதெல்லாம் தகட்டின் கோணமும் கடினமும் சரியாக இருந்தால்தான். நகல் எடுப்பவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

பார்சலைப் பிரித்தபோது வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெட்டி, உள்ளே காகிதம், பிளேடில் அந்த வட்டத் துளை, சிலந்தி முத்திரை எல்லாம் இருந்தன. அசல் கத்தியில் ‘கோல்டன், கொலராடோ, யு.எஸ்.ஏ., எர்த்’ என்று பூமியையும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். அதையும் அப்படியே போட்டிருந்தார்கள். கைப்பிடிகூட நிஜமான ஜி10தான். எங்கள் பேனல் வேலையில் இன்சுலேஷனுக்குப் போடும் கண்ணாடியிழை எபாக்சி ஷீட் அது, தொட்டாலே எனக்குத் தெரியும். விலையும் சந்தேகப்படும்படி இல்லை. அமெரிக்கக் கடைகளிலேயே இந்தக் கத்தி 150 டாலருக்கு மேல். ‘மலிவாகக் கொடுத்தால் போலி’ என்ற கணக்கு இங்கே உதவாது. போலியையும் கிட்டத்தட்ட அசல் விலைக்கே விற்கிறார்கள்.

விளம்பரத்தில் எஃகின் வகை எஸ்45விஎன் என்று இருந்தது. பிளேடில் எஸ்30வி என்று பொறித்திருந்தது. விற்பனையாளரிடம் கேட்டதற்கு, “அது பழைய ஸ்டாக் ப்ரோ, ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். இந்த மாடல் முன்பு எஸ்30வியில்தான் வந்தது, பிறகுதான் எஸ்45விஎன்னுக்கு மாறியது. அதனால் அந்தப் பதில் பொருந்துவது போலவே இருந்தது. இந்த ஆட்களுக்கு விவரம் நன்றாகத் தெரியும். எந்தக் கேள்விக்கு எதைச் சொன்னால் எடுபடும் என்றும் தெரியும்.

வேலையில் இறக்கியதும் வேஷம் கலைந்தது. அட்டைப்பெட்டி கொஞ்சம் வெட்டியதுமே பதம் போய்விட்டது. எஸ்30வி அப்படிப் போகிற எஃகு இல்லை. அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் 2001இல் கத்திக்கென்றே கொண்டுவந்தது அது. உருகிய எஃகைத் தூளாக்கி, மறுபடி சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்கும் முறை. சுமார் 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம். அந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து உண்டாகும் கெட்டியான துகள்கள்தான் (கார்பைடு) கூர்மையை நீண்ட நாள் நிறுத்திப் பிடிக்கும். அதனாலேயே சாதாரணச் சாணைக்கல்லில் அதைத் தீட்டுவது பெரும்பாடு, வைரத்தூள் தகடு இருந்தால்தான் சுலபம். என்னிடம் வந்ததோ வீட்டு அரிவாள்மணைக்கு வைத்திருக்கும் கல்லில் நாலு இழுப்பில் கூராகிவிட்டது. மறுநாளே மழுங்கியும்விட்டது.

அப்புறம்தான் லாக்கைப் பார்த்தேன். கத்தியை முழுதாக விரித்து, ‘டக்’ என்று லாக் விழுந்ததை உறுதி செய்துகொண்டு, பிளேடு வந்து விழக்கூடிய பாதையில் விரல் எதுவும் இல்லாதபடி கைப்பிடியை இரண்டு பக்கமும் மட்டும் பிடித்துக்கொண்டு, பிளேடின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினேன். அடிக்கவில்லை, அழுத்தினேன், அவ்வளவுதான். தகடு வழுக்கி வெளியே வந்து கத்தி மடங்கியது. திரும்பச் செய்தேன், திரும்ப மடங்கியது. வீடியோ எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன்.

முதலில் “நீங்க ரொம்ப ஃபோர்ஸ் பண்றீங்க ப்ரோ” என்றார். பிறகு, பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். பிறகு பதிலே இல்லை. அதற்கப்புறம்தான் டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர்) போட்டுக் கழற்றிப் பார்த்தேன். அசலில் பிளேடின் இரு பக்கமும் பாஸ்பர் வெண்கல வாஷர் இருக்க வேண்டும். இதில் இருந்தது மெல்லிய பிளாஸ்டிக். லாக் தகடு பிளேடைத் தொடும் முகம் முழுதாகப் பொருந்தவில்லை, ஒரு மூலை மட்டும் தொட்டிருக்கிறது. அந்த மூலையும் அதற்குள் தேய்ந்து பளபளவென்று ஒரு சரிவாகிவிட்டது. மிருதுவான உலோகம். ஸ்டாப் பின் அதன் துளையில் விரலால் ஆட்டினால் ஆடியது. இப்படி இருந்தால் லாக் எப்படி நிற்கும்?

நம் ஊரில் ஃபவுண்டரிக்குக் குறைவில்லை. தெரிந்த ஃபவுண்டரி லேபில் கொடுத்து உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பி.எம்.ஐ. கன் வைத்துப் பார்த்தோம். குரோமியம் 13 சொச்சம் காட்டியது, வனேடியம் பெயருக்குக்கூட இல்லை. ராக்வெல் கடினம் 54. எஸ்30வி கத்திகள் பொதுவாக 58க்கு மேல் இருக்கும். லேபில் இருந்த அண்ணன் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “இது சமையலறைக் கத்தி ஸ்டீலுங்க. இதுக்கா அவ்வளவு கொடுத்தீங்க?” என்று கேட்டார்.

அந்த ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். இந்த முறை உடனே பதில் வந்தது, குரலே மாறிவிட்டது. கத்தி வைத்திருப்பதே குற்றம், போலீசுக்குப் போனால் உங்களைத்தான் பிடிப்பார்கள் என்று மிரட்டினார். இதைக் கேட்டுப் பயந்து பேசாமல் இருந்துவிடுபவர்கள் நிறைய இருப்பார்கள், அதை நம்பித்தான் சொல்கிறார்கள். 2016 ஆயுத விதிகளில் உரிமம் பற்றிப் பேசும் கூரிய ஆயுதப் பட்டியல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகளைப் பற்றியது. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவற்றை அதிலும் விலக்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் கத்தியின் பிளேடு மூன்றரை அங்குலம்கூட இல்லை. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது, கூட்டங்களில், சோதனை உள்ள இடங்களில் தவிர்க்க வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் போலிப் பொருளை விற்றவர் மேல் நுகர்வோர் புகார் கொடுப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

‘பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்பதும் செல்லாது. 2020இன் மின்வணிக விதிகள்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனிலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய மெசேஜ்கள் மூன்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுத்ததும் அந்த விளம்பரம் மாயமாகிவிட்டது. என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்ததால் தப்பித்தேன்.

இந்த மாடல்தான் வேண்டும் என்றால், தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் என்ன பில் காட்டினாலும் வேண்டாம். அவ்வளவு செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு என் யோசனை ஓப்பினெல். 1890இலிருந்து பிரான்ஸில் செய்கிறார்கள். மரக்கைப்பிடி, பிளேடு மடங்காமலிருக்க ஒரு வளையத்தைத் திருப்பிவிட்டால் போதும். இப்போது பேனல் வேலைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். விலையில் ஸ்பைடர்கோவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் கூரும் லாக்கும் அந்தப் போலியைவிட எவ்வளவோ மேல்.

1915இல் புகார் பதிவாகி எண் வந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் ஆணையத்துக்குப் போகிறேன். மனு தயாராக இருக்கிறது. இதே மாதிரி வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே லாக்கை நான் சொன்னபடி மேஜை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். மடங்கினால் வீடியோ எடுத்துவிட்டு, டேப் சுற்றிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி. வேறு யாருக்கும், பாதி விலைக்குக்கூட, விற்றுவிடாதீர்கள்.