சொலினாய்டு வால்வு திறக்கவில்லையா: மல்டிமீட்டரா, பேட்டரியா, வெறும் கையா?

ஆட்டோமேஷன் போட்ட சொட்டுநீர்த் தோட்டத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் தண்ணீர் போகவில்லை என்றால், பழி முதலில் விழுவது சொலினாய்டு வால்வின் காயில் (மின்சாரம் வந்ததும் வால்வைத் திறக்க வைக்கும் மின்காந்தச் சுருள்) மேல்தான். பல நேரம் அது வீண்பழி. புதுக் காயில் வாங்கும் முன் சோதித்துப் பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

வெறும் கையில் தொடங்கலாம், செலவில்லை. மோட்டார் ஓடும்போது காயிலைக் கால் சுற்று தளர்த்துங்கள், அல்லது வால்வின் மேலுள்ள சிறு திருகான பிளீட் ஸ்க்ரூவைத் திறங்கள். வால்வு திறந்துவிட்டால் டயாஃப்ரமும் (தண்ணீரை அடைத்துத் திறக்கும் ரப்பர் தகடு) பிரஷரும் சரி. கோளாறு காயில், பிளஞ்சர் (காயிலுக்குள் ஏறி இறங்கும் சிறு உலோகத் தண்டு), ஒயர் பக்கம். திறக்கவே இல்லையா? வால்வின் மேலுள்ள ஃப்ளோ கன்ட்ரோல் திருகை யாராவது இறுக்கி மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். காயிலை ரொம்பச் சுற்றிவிடாதீர்கள், பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் தெறித்துச் சேற்றில் போய்விடும்.

என் ஓட்டு மல்டிமீட்டருக்குத்தான், ஏனென்றால் அது ஒயரையும் சேர்த்துச் சோதிக்கிறது. 24 வோல்ட் ஏசி காயிலுக்கு மின்தடை பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். முதலில் வால்வுகளுக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டியில் அந்த வால்வின் ஒயரைக் கழற்றி, எல்லா வால்வுக்கும் பொதுவாகப் போகும் காமன் ஒயரோடு சேர்த்து அளந்து பாருங்கள். அப்புறம் வால்வுக்குப் போய், ஒயரைப் பிரித்துவிட்டு நேராகக் காயிலில் அளக்க வேண்டும். வால்வில் 35 ஓம், பெட்டியில் ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயிலைத் தொடாதீர்கள். நடுவில் ஒயரோ ஜாயின்டோ விட்டிருக்கிறது. பெட்டியில் சில ஓம் கூடுதலாகக் காட்டினால் பயம் வேண்டாம். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 300 மீட்டர் போய்த் திரும்பினாலே 7 ஓம் சேர்ந்துவிடும். எல்லா வால்வும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் காமன் ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் மண் ஏறி இறுகிய பிளஞ்சர் மல்டிமீட்டருக்குத் தெரியாது. அங்கேதான் 9 வோல்ட் பேட்டரிக்கு வேலை. ஒயரைப் பிரித்துவிட்டு, இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்துக் காயிலில் தொட்டால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ஒரு நொடி போதும். ஏசி காயிலில் டிசி கொடுத்தால் மின்னோட்டத்தைத் தடுக்க வெறும் கம்பியின் ஓம் மட்டும்தான் இருக்கும், நேரமானால் காயில் சூடேறும்.

பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலர் என்றால் கதை வேறு. அதில் வருவது லாட்சிங் காயில். ஒரே 9 வோல்ட் பேட்டரியால் லேசாகத் தொட்டால் திறந்தபடியே நிற்கும், ஒயரை மாற்றித் தொட்டால் மூடிக்கொள்ளும். இதில் மல்டிமீட்டர் ஒரு சில ஓம் மட்டும் காட்டலாம். ஏசி காயில் கணக்கில் பார்த்து ஷார்ட் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்த வகைக்குப் பேட்டரியே மேல்.

இதற்கென்றே கையடக்க டெஸ்டர்களும் கிடைக்கின்றன. வால்வுப் பராமரிப்பையே தொழிலாக வைத்திருப்பவருக்குச் சரி, ஒரு தோட்டத்துக்கு அதிகம்.

‘டக்’ கேட்டும் தண்ணீர் வராவிட்டாலோ, வந்த தண்ணீர் நிற்காவிட்டாலோ மீட்டரைப் பையில் போட்டுவிடலாம். மோட்டாரை நிறுத்தி, லைனில் பிரஷரை வெளியேற்றி, வால்வு மூடியைக் கழற்றுங்கள். கிழிந்த டயாஃப்ரம், இடுக்கில் சிக்கிய மணல், அடைத்துப்போன சிறு துளை, இவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.