மஞ்சளா வெள்ளையா, ஒட்டா விதையா: வீட்டுக் கொல்லைக்கு எந்தச் செண்பகம்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் மன்னார்குடியைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் கொல்லையில் நின்ற செண்பக மரம் வேரோடு சாய்ந்து, காம்பவுண்டுச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. 2004-ல் அம்மா வைத்த விதைக்கன்று அது. முதல் பூவைப் பார்க்கவே எட்டு வருஷம் ஆனது. பூக்கத் தொடங்கிய பிறகும் அம்மாவால் ஒன்றைக்கூடக் கையால் பறிக்க முடியவில்லை. பூவெல்லாம் மொட்டைமாடிக்கும் மேலே, உச்சிக் கிளைகளில். காலையில் வாசல் தெளிக்கப் போகும்போது கீழே உதிர்ந்து பழுப்பேறிக் கிடப்பதைப் பொறுக்கி வருவார்.

செண்பகாரண்யம் என்று பழம்பெயர் கொண்ட ஊரில் கொல்லை வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். அதனால் 2019 தை மாதம் மறுபடி வைத்தோம். இந்த முறை ஒன்றுக்கு இரண்டாக: ஒட்டுக் கட்டிய மஞ்சள் செண்பகம் ஒன்று, பதியன் போட்ட வெள்ளைச் செண்பகம் ஒன்று. மூன்று விதமும் பார்த்துவிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: நாலைந்து சென்ட் மனையில் வீடும் கொல்லையுமாக இருப்பவர்கள் ஒட்டு மஞ்சளையே வாங்குங்கள்.

செண்பகமும் மக்னோலியாதான் என்றால் பலர் நம்புவதில்லை. முன்பு மிச்சேலியா என்று தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது மக்னோலியா சம்பகா என்றே வகைப்படுத்துகிறார்கள். படங்களில் பார்த்து ஆசைப்பட்டு, இலையே இல்லாமல் ரோஸ் நிறத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பூக்கும் மக்னோலியாவைக் கேட்பவர்கள் உண்டு. அது நல்ல குளிர்காலம் உள்ள ஊர்களின் மரம். நம் சமவெளிக்கு வேண்டாம். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த கிராண்டிஃப்ளோரா, அதாவது தட்டு அகலத்துக்கு வெள்ளைப் பூவும், அடிப்புறம் துருப்பிடித்தது போன்ற தடித்த இலையும் கொண்டது, நம் மலை ஊர்களுக்குச் சரி. அதை நான் கொடைக்கானலில் நின்று பார்த்ததோடு சரி, வளர்த்ததில்லை.

வாங்கும்போது பெயரில் ஒரு கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பூக்கடையில் சம்பங்கி என்றால் கிழங்கு வைத்து வளர்க்கும் வெள்ளைப் பூ. தெலுங்கில் சம்பங்கி என்றால் நம் செண்பகம். வெளி மாநிலத்துக் கன்று வாங்கினால் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைச் செண்பகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூ ஒல்லியாக, விரல் நீளத்தில், பாலாடை நிறத்தில் இருக்கும். வாசனை மஞ்சளைவிட மெல்லியது. மஞ்சளின் மணம் தலைவலி தரும் என்பவர்களுக்கு இது பிடிக்கும். இது ஒரு கலப்பு மரம். விதை பிடிப்பது அபூர்வம். அதனால் ஒட்டோ பதியனோதான் கிடைக்கும், சீக்கிரம் பூக்கும். எங்களுடையது வைத்த வருஷமே நாலைந்து பூ கொடுத்தது. 2021 ஜனவரியில் டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்த மழையில், மண் களியாகக் குழைந்ததும், இந்த மரம் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. காற்றுகூடப் பெரிதாக இல்லை. தூக்கி நிறுத்தும்போது தூரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். துடைப்பத்தைக் கவிழ்த்து வைத்தது போல மேலோட்டமாகச் சுற்றிலும் வேர், நடுவில் ஆணிவேர் இல்லை.

வாசனை, நிறம், விலை எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான், புயல் வரும் ஊர்க்காரர்களுக்கு. பதியன், அதாவது விண்பதியன், என்பது கிளையில் பட்டையை உரித்து, மண் கட்டி, அங்கேயே வேர் விட வைப்பது. கிளையிலிருந்து வரும் வேர் பக்கவேராகத்தான் வரும். ஒட்டுச்செடியில் அடிப்பாகம் விதையில் முளைத்த கன்று, அதனால் ஆணிவேருக்கு வழி இருக்கிறது. மேலே கட்டும் குச்சி ஏற்கெனவே பூக்கும் மரத்தில் எடுத்தது, வயசுக்கு வந்த குச்சி. அதனால்தான் எட்டு வருஷம் காக்க வைக்காமல் பூக்கிறது. எங்கள் ஒட்டு மஞ்சள் 2020 சித்திரையில், பதினைந்தாவது மாதத்தில், பூத்தது. இடுப்பு உயரத்தில்.

விதைமரத்திலும் ஆணிவேர் உண்டே, அது ஏன் விழுந்தது? உயரம். நேராக நெடுநெடுவென்று போய் உச்சியில் மட்டும் தழை கட்டும் மரம், காற்றுக்கு நெம்புகோல் மாதிரி. காட்டில் நூறடி போகும் சாதி அது. ஒட்டு தாழக் கிளைவிடும். வருஷா வருஷம் பூப்பருவம் முடிந்ததும் உச்சிக் கொழுந்தைக் கவாத்து செய்து, பத்தடிக்குள் வைத்திருக்கிறேன். பூ கைக்கு எட்டுகிறது, காற்றுக்கும் பிடி குறைவு. தடித்த கிளையை ஒரேயடியாக வெட்டாதீர்கள், காயம் ஆற நாளாகும். விரல் தடிமனிலேயே கிள்ளிவிடுங்கள்.

நர்சரியில் "அண்ணே, இது ஒட்டா?" என்று கேட்டால் "ஒட்டுதான் அக்கா" என்றுதான் பதில் வரும். 2019-லும் முதலில் அப்படிச் சொல்லி ஒருவர் விதைக்கன்றை எடுத்து நீட்டினார். நீங்களே குனிந்து பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் சாய்வான தழும்போ புடைப்போ இருக்க வேண்டும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் கொஞ்சம் மாறும். தண்டு சீராக, ஊசி போல நேராகப் போனால் அது விதைக்கன்று. பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தால், ஒட்டு நன்றாகக் கூடியபிறகு மறக்காமல் பிளேடால் கீறி எடுங்கள். விட்டால் தண்டை இறுக்கி அறுத்துவிடும். தழும்புக்குக் கீழே முளைக்கும் போத்தை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். அது வளர்ந்தால் மறுபடி விதைமரம்தான்.

செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, தண்ணீர் தேங்கினால் அழுகும். எங்கள் களிமண்ணில் குழி வெட்டினால் ஐப்பசியில் அது குட்டையாகிவிடும். அதனால் ஒன்றரை அடி உயர மேடு கட்டி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து அதில் நட்டோம். தூரைக் கொத்தாமல், காய்ந்த இலையாலேயே மூடாக்கு. ஒருமுறை நட்டால் நட்டதுதான், பெயர்த்து வைத்தால் பிழைப்பது கடினம்.

இரண்டாம் வருஷம் கொழுந்து இலைகள் மஞ்சளடித்தன, நரம்பு மட்டும் பச்சையாக. எங்கள் போர் தண்ணீர் உப்பு, காரத்தன்மையும் உண்டு. அதனால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போகிறது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), சில துளி எலுமிச்சைச் சாறு கலந்து, சாயங்காலத்தில் இலையில் தெளித்தேன். மூன்றாம் வாரம் வந்த கொழுந்து பச்சையாக வந்தது.

இலையில் தடித்த பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். நெட்டிலிங்கத்தில் வருமே, கறுப்பில் பச்சைப் புள்ளி வைத்த வால் பட்டாம்பூச்சி, அதன் பிள்ளை அது. நாலு இலை போகும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஒட்டுமரம் இருபது, முப்பது வருஷம் தாண்டி எப்படி நிற்கும் என்பதற்கு என் மரத்துக்கு வயது போதாது. இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர்கள் வேலி ஓரம் விதைக்கன்றைத் தாராளமாக வைக்கலாம். பழம் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்தவுடன், மேல்சதையைக் கழுவி அன்றே ஊன்றிவிடுங்கள், காய்ந்தால் முளைக்காது. வெள்ளை மேல் ஆசை இருந்தால், பதியன் வேண்டாம், ஒட்டுக் கட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வெள்ளை இன்னும் மூன்று சவுக்குக் கழி முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. ஐப்பசி பிறந்ததும் கயிற்றை மாற்றிக் கட்டுகிறேன். மஞ்சளுக்கு முட்டு எதுவும் இல்லை. சாயங்காலம் மொட்டு விரியும் நேரத்துக்கு அம்மா ஒரு பித்தளைச் சொம்போடு போய், நின்ற இடத்திலேயே பறித்துக்கொண்டு வருகிறார்.