ஆறு வாக்கிடாக்கியும் ஒரு கல்யாண மண்டபமும்: ஓராண்டு உழைத்த பின்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை செல்லும் சாலையோரத்தில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் மேலாளர் நான். மாடியில் முகூர்த்த மண்டபம், கீழே 250 இலை போடும் பந்திக்கூடம், பின்னால் தகரக் கூரை வேய்ந்த ஆக்குப்புரை, சாலைக்கு எதிரே தென்னந்தோப்பில் வண்டி நிறுத்துமிடம் என்று நான்கு இடங்களுக்கும் இடையே முகூர்த்த நாளில் ஓயாமல் செய்தி போய்வர வேண்டும். கைபேசி இதற்கு உதவாது என்பது பட்டுத் தெரிந்தது. ஒரு கையில் சாம்பார் வாளியும் மறு கையில் கரண்டியுமாக விளம்பிக்கொண்டிருப்பவர் போனை எடுக்கப்போவதில்லை. எடுத்தாலும் அவரிடம் சொன்னது மற்ற நால்வருக்குத் தெரியாது. அதனால் சென்ற ஆண்டு ஆறு வாக்கிடாக்கிகள் வாங்கினோம், ஜோடி ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில். அதே உடலும் அதே பொத்தான்களும் மூன்று நான்கு பெயர்களில் விற்பனைக்கு வருவதால், பிராண்டின் பெயரைவிட வகையைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும் என்று பெயரை விட்டுவிடுகிறேன்.

வகை முக்கியமாவதற்குச் சட்டமும் ஒரு காரணம். நாங்கள் முதலில் ஏறிய கடையில் ஐந்து வாட் செட்டை எடுத்துக் காட்டி, "இதை வாங்குங்க சார், மார்த்தாண்டம் வரைக்கும் கேட்கும், லைசென்ஸ் எல்லாம் யாரும் கேட்கிறதில்ல" என்றார்கள். கேட்கிறார்களோ இல்லையோ, அந்த வகைச் செட்டுக்கும் அது இயங்கும் அலைவரிசைக்கும் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கட்டாயம் தேவை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் குறைந்த சக்தியோடு இயங்கும் செட்டுகளுக்குத்தான் 2018ஆம் ஆண்டு விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளித்திருக்கின்றன. அவற்றுக்கும் ஈடிஏ எனப்படும் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இணையத்தில் வாக்கிடாக்கி விற்பவர்கள் அலைவரிசையையும் இந்த ஒப்புதலையும் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவ்விரண்டும் காணப்படாத பெட்டியை நான் வாங்கமாட்டேன். கடற்கரை ஊர்க்காரர்கள் சிலர், "வள்ளத்தில் இருக்கிற செட்டையே கொண்டுவந்தால் போதாதா?" என்று கேட்டதுண்டு. அது கடலுக்கென ஒதுக்கப்பட்ட விஎச்எஃப் அலைவரிசை; அதன் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் இருப்பவர் அழைப்பதற்கு உரியது. அதில் போய்ப் பப்படம் கேட்கக் கூடாது.

நாங்கள் வாங்கியது உரிமம் தேவைப்படாத அந்த 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் அரை வாட் செட். ஆன்டெனாவைக் கழற்ற முடியாது, சேனல்கள் பதினாறு. பெட்டியைத் திறந்த உடனேயே பேசலாம் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி, ஆறையும் சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் முதல் சேனலில் வைத்து முதல் கல்யாணத்துக்கு இறங்கினோம். அன்று காலை பத்தரை மணிக்கு, அடைப்பிரதமன் என்னும் பாயசம் இன்னும் குறுகிக்கொண்டிருந்த நேரத்தில், ஆக்குப்புரைச் செட்டில் "இறக்கு, இறக்கு, மெதுவா இறக்கு" என்று ஒரு குரல் உறுதியாக ஒலித்தது. பந்தியிலிருந்து உத்தரவு வந்துவிட்டதென்று எண்ணி நான்கு பேர் சேர்ந்து உருளியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். குரல் எங்களுடையது அன்று. இரண்டு கட்டடம் தள்ளி நடந்துகொண்டிருந்த கட்டுமானப் பணியில் கம்பிக்கட்டு இறக்குபவர்களும் அதே வகைச் செட்டை அதே முதல் சேனலில் வைத்திருந்தார்கள். உரிமமில்லாத பட்டை எல்லோருக்கும் பொது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்துபவர்கள் எல்லோரும் முதல் சேனலில்தான் கூடுவார்கள்.

அன்று மாலைதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். சேனலை மாற்றுவதோடு, ஒவ்வொரு செட்டிலும் டோன் எனப்படும் குறியொலி ஒன்றையும் அமைக்க வேண்டும். பேசும்போது நம் குரலோடு சேர்ந்து 67 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸை ஒட்டிய எல்லைக்குள் ஏதேனும் ஒரு தாழ்ந்த ஒலியும் செல்கிறது. கேட்கும் செட் அந்த ஒலியை அடையாளம் கண்டால் மட்டுமே ஒலிபெருக்கியைத் திறக்கிறது, இல்லாவிட்டால் வாய்மூடி இருந்துவிடுகிறது. கடைக்காரர்கள் இதைப் 'பிரைவேட் கோடு' என்று சொல்லி விற்பது சரியில்லை. டோன் நம் காதை மூடுகிறதே ஒழிய அடுத்தவர் காதை மூடுவதில்லை. அதே சேனலில் டோன் இல்லாமல் வைத்திருப்பவர் நாம் பேசுவதை எல்லாம் கேட்பார். மொய்க்கணக்கையும் பெண் வீட்டாரின் மனத்தாங்கலையும் இதில் பேசக் கூடாது என்று பணியாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அமைப்பதில் ஒரு சிக்கல் எங்களை அரை நாள் அலைக்கழித்தது. ஐந்து செட்டுகள் பேசின. தோப்பில் நின்ற காவலாளியின் செட் மட்டும் ஊமையாக இருந்தது. பழுது என்று முடிவுகட்டப் போகும் வேளையில்தான், நாங்கள் பேசும்போதெல்லாம் அதன் தலையிலுள்ள சிறு பச்சை விளக்கு எரிவதைக் கவனித்தேன். விளக்கு எரிந்தும் ஒலி வராவிட்டால் அலை வந்து சேர்கிறது, டோன்தான் பொருந்தவில்லை என்று பொருள். மெனுவைத் திறந்து பார்த்தபோது டோன் எண் எங்களுடைய 12க்குப் பதிலாக 13 என்று இருந்தது. விளக்கே எரியாவிட்டால் சேனல் மாறியிருக்கும் அல்லது தூரம் அதிகமாயிருக்கும். பேட்டரியையும் பார்த்துவிட வேண்டும். கையேட்டில் இல்லாத இந்த ஒரு குறிப்பு எனக்குப் பலமுறை நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. எண்களை அமைத்து முடித்ததும் விசைப்பூட்டைப் போட்டுவிடுவது நல்லது. மடியில் செருகும்போது சேனல் மாறுவது அதன்பின் நின்றது.

தூரத்தைப் பற்றி அட்டையில் ஐந்து கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு மாலை நானும் என் மகனும் மணலில் விலகி நடந்து பார்த்தோம்; ஒருவரை ஒருவர் புள்ளியாகக் காணும் தூரத்திலும் குரல் தெளிவாகவே இருந்தது. அதே செட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்திலிருந்து சாலையில் நடந்தபோது, செம்மண் மேட்டை ஒட்டிய வளைவைத் தாண்டி ரப்பர் மரங்கள் தொடங்கிய இடத்தில், அரைக் கிலோமீட்டரைச் சற்றே கடந்ததும் குரல் கரகரத்து அறுந்துவிட்டது. இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. அதன் நீளம் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர். கதவு, ஜன்னல் திறப்புகளின் வழியே நன்றாகப் புகுந்து வரும், ஆனால் மண்மேட்டையும் உலோகத் தகட்டையும் கடக்காது. எங்கள் மண்டபத்தில் காங்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கும் கீழுக்கும் ஒலி சிரமமின்றிப் போகிறது. இரும்பு ஷட்டர் போட்ட சாமான் அறைக்குள் மட்டும் போவதில்லை. அங்கே இருப்பவர் இரண்டு அடி வாசலுக்கு வந்து, செட்டை இடுப்பிலிருந்து எடுத்து, ஆன்டெனா மேல்நோக்கி நிற்குமாறு முகத்துக்கருகே பிடித்தால் சரியாகிவிடும். ஒரு மண்டபத்துக்கு அரை வாட் தாராளம்.

கைபடாமல் பேசலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் வாக்ஸ் வசதி எங்களுக்கு ஆகவில்லை. குரல் கேட்டவுடன் செட் தானே ஒலிபரப்பத் தொடங்கும். ஆனால் குரல் எது, கொட்டு எது என்று அதற்குத் தெரியாது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலில் செண்டை மேளம் தொடங்கியதும் வரவேற்பில் நின்றவரின் செட் திறந்துகொண்டு, மேளம் ஓயும்வரை சேனலை அடைத்துவிட்டது. இடையில் எவராலும் ஒரு சொல் பேச முடியவில்லை. அன்றோடு வாக்ஸை அணைத்து, ஒரே மூச்சில் 60 விநாடிக்கு மேல் ஒலிபரப்பினால் தானே நின்றுவிடும் டைமரைப் போட்டோம். பொத்தானை அமுக்கியபடி யாராவது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாலும் இப்போது கவலையில்லை.

மனிதர்களைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. பொத்தானை அமுக்கிய கணமே பேசினால் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். "பப்படம் வேண்டாம்" என்பதில் முதல் சொல் போய் "வேண்டாம்" மட்டும் வந்தால் எது வேண்டாம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு விநாடி பொறுத்து, யாரை அழைக்கிறோம் என்று முதலில் சொல்லி, முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். எங்கள் தலைமைச் சமையற்காரர் அறுபது வயதைக் கடந்தவர். முதலில் செட்டைத் தொடவே மறுத்தார். இப்போது, "அண்ணாச்சி, மூணாம் பந்தி பாதியாச்சு, பிரதமன் வரட்டும், மட்டிப்பழம் இன்னும் வரல்ல, ஓவர்" என்று கேட்டால், "பழம் தோப்பு வண்டியில இருக்கு மக்கா, பிரதமன் வருது, ஓவர்" என்று அவரே பதில் சொல்லி, தோப்பில் நிற்பவரையும் அதே மூச்சில் விரட்டுகிறார். ஒருவர் சொல்வதை ஆறு பேரும் கேட்பதன் பயன் அங்கேதான் தெரிகிறது.

பேட்டரி விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியிருப்பது, நூற்றில் ஐந்து பங்கு பேசி, ஐந்து பங்கு கேட்டு, மீதித் தொண்ணூறும் சும்மா இருக்கும் செட்டுக்கான கணக்கு. பந்தி நேரத்தில் எங்கள் செட்டுகள் சும்மா இருப்பதே இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டும்போது இயக்கியவை, ஒன்பது மணி நேரத்தில், கடைசிப் பந்திக்கு இலை போடும் வேளையில் முனகத் தொடங்குகின்றன. கூடுதலாக மூன்று பேட்டரி வாங்கி, இரண்டாம் பந்திக்கும் மூன்றாம் பந்திக்கும் இடையே மாற்றுகிறோம். ஆறு குழிகள் கொண்ட சார்ஜர் மட்டும் பாராட்டுக்குரியது. இரவில் அணைத்துச் செருகிவிட்டால் காலையில் ஆறும் பச்சையாக நிற்கின்றன.

உடலமைப்புக்கு ஐபி 54 தரம் என்று குறித்திருக்கிறார்கள்; தெறிக்கும் நீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. சோறு வடிக்கும் ஆவியையும் ரசம் தெறித்ததையும் ஓராண்டாகத் தாங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பேசும் பொத்தானில் பிசுக்கு ஏறியிருக்கிறது, ஈரத்துணியால் துடைத்தால் போகிறது. இயர்பீஸ் செருகும் துளையை மூடும் ரப்பர் மடல்தான் பலவீனம்: இரண்டு செட்டுகளில் பிய்ந்துவிட்டது, அவ்வழியே ஈரம் போய் ஒன்றில் இயர்பீஸில் இரைச்சல் வந்தது. உத்தரவாதக் காலத்துக்குள்தான் கொடுத்தோம். வாங்கிய கடை மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, பார்த்ததற்கான அடையாளம்கூட இல்லாமல் திருப்பித் தந்தது. அந்தத் துளையில் இப்போது மெழுகை உருக்கி அடைத்து, செட்டை ஆக்குப்புரையில் தூணில் மாட்டியிருக்கிறோம். அங்கே எப்படியும் இயர்பீஸ் யாரும் போடுவதில்லை.