கேடயப் படம் போட்ட காபி: ஒரு மாதம் குடித்துப் பார்த்ததில்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சளி, காய்ச்சலோடு வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும் வேலை. அதனால் ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் காபி’ என்று தோழி ஒருத்தி இந்த டப்பாவைக் கொடுத்ததும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன். 60 பாக்கெட். காலையில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று போட்டிருக்கிறது.

ருசியில் பெரிய குறை இல்லை. வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டாமல் கரைகிறது, வாசனையும் நன்றாக வருகிறது. கடைசி மடக்கில் மட்டும் சேர்த்திருக்கிற வைட்டமின் சி-யின் புளிப்பு நாக்கில் தங்குகிறது. ஒருநாள் பால் விட்டேன். திரிந்த மாதிரி கோப்பை ஓரத்தில் வெள்ளையாகப் பொடி ஒட்டிக்கொண்டது.

டப்பாவில் கேடயத்துக்குக் கீழே ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் தினமும் மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களை. ஆய்வகத்தில் அந்த அணுக்கள் மேல் காபியில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் கஃபீனை அதிக அளவு விட்டால், நியூட்ரோபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள் கிருமியைத் தேடி நகர்வது மந்தமாகிறது, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தின் சுரப்பும் குறைகிறது. அடக்கிவைக்கிற பொருளைப் போய் ‘கூட்டும்’ என்று எப்படி எழுதினார்கள்? நாம் குடிக்கிற அளவில் கஃபீன் ரத்தத்தில் அவ்வளவு ஏறாது, பயப்பட வேண்டியதில்லை. வைட்டமின் சி-யைத் தினமும் எடுத்தாலும் பொதுவாக சளி பிடிப்பது குறைவதில்லை. வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடலாம், அவ்வளவுதான்.

இரவு பாக்கெட்டை நினைத்தால்தான் கோபம் வருகிறது. ஒரு பாக்கெட்டில் 90 மில்லிகிராம் கஃபீன். குடித்து 5 மணி நேரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். 11 மணிக்குப் படுத்தால் 2 மணி வரை புரண்டுகொண்டிருந்தேன். இரவில் குடிப்பதைப் பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். அமெரிக்காவில் 164 பேருக்கு மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. எதிர்ப்பு சக்திக்கு என்று விற்கிற பொருளே தூக்கத்தைக் கெடுக்கலாமா?

இன்னொன்று. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் என் அம்மா, அதை இந்தக் காபியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார். காபியில் உள்ள பாலிபீனால்கள் என்ற தாவரப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் குடல் உறிஞ்சுவது குறையும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்போது மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் 20 பாக்கெட் மிச்சம் இருக்கிறது. காலையில் மட்டும் குடித்துத் தீர்ப்பேன், மறுபடி வாங்க மாட்டேன். 5-க்கு 2 நட்சத்திரம், இரண்டும் ருசிக்காக.