தேனீப் பெட்டிக்கு புரோபயாடிக் பொடி: வாங்கும் முன்

மதிப்பெண்: 5க்கு 2.

பெங்களூரில் மாடியில் தேனீ வளர்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பொடியைப் பற்றி விசாரிக்கிறார்கள். பொட்டலம் 100 கிராம். உள்ளே லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இரு பாக்டீரியாக்கள், ஈஸ்ட். சர்க்கரைப் பாகில் கலந்து தேனீக்குக் கொடுப்பது. குடலைச் சீராக்கும், நினைவாற்றலைக் கூட்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருப்பது உண்மை. இத்தாலியத் தேனீயின் குடலில் வாழும் ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உருமாற்றி, கற்றலுக்கும் நினைவுக்கும் துணைநிற்கிறது. 2022இல் வந்த ஆய்வு அது. அதே ஆண்டின் இன்னொரு ஆய்வில், குடல் நுண்ணுயிர் இல்லாத தேனீக்கள் கூட்டாளிகளோடு தலையோடு தலை உறவாடுவது குறைந்துபோனது. ஆனால் இவை தேனீக்கே சொந்தமான நுண்ணுயிர்கள். ஸ்னாட்கிராசெல்லா குடல் சுவரை ஒட்டிப் படியும், அதன்மேல் கில்லியமெல்லா, கடைசிப் பகுதியில் தேனீக்குரிய லாக்டோபேசில்லஸ். பொட்டலத்தில் இருப்பவற்றுக்கு அங்கே இடமில்லை. பாகோடு போய் எச்சத்தோடு வெளியேறிவிடும்.

பயன்முறைக் குறிப்பிலும் பிழை. பாகை மூன்று நாள் பெட்டிக்குள் விடச் சொல்கிறார்கள். ஈஸ்ட் கலந்த பாகு ஒரே நாளில் நுரைக்கும்; புளித்ததைக் குடித்தால் தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும். கொடுத்தே தீர வேண்டுமென்றால், 500 கிராம் சர்க்கரையை 500 மில்லி தண்ணீரில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் 5 கிராம் பொடி கலக்குங்கள். சூடான பாகில் போட்டால் லாக்டோபேசில்லஸும் ஈஸ்டும் செத்துவிடும். பூ குறைந்த மழை மாதங்களில் மட்டும், மாலையில், பெட்டிக்கு 200 மில்லி போதும். வெளியே சிந்தினால் எறும்பு வரும், பக்கத்துக் கூட்டுத் தேனீ கொள்ளையடிக்க வரும். மிச்சத்தை விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இந்தக் காசுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. அடையின் அறையிலிருந்து வெளிவரும் இளம் தேனீயின் குடல் கிட்டத்தட்ட காலி. கூட்டாளிகளிடமிருந்தும் அடையிலிருந்தும்தான் சில நாளில் அது நிறைகிறது. எனவே நலிந்த பெட்டிக்கு, நலமான பெட்டியிலிருந்து மூடிய புழு அடையுள்ள ஒரு சட்டத்தை, அதில் ஒட்டியிருக்கும் இளம் தேனீக்களோடு மாலையில் மாற்றி வையுங்கள். ராணி அதில் இல்லையென்று இருமுறை பாருங்கள். புழு தலையைத் தூக்கி, நீர்ப்பை போலத் தொங்கினால் அந்தச் சட்டத்தைத் தொடவே வேண்டாம். அது பைப்புழு நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் நம் நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன நோய்.

அது வைரஸ் என்பதால், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான டெட்ராசைக்ளின் பலிக்காது. பலிக்காததோடு, உள்ளே இருக்கிற நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துத் தேனீயின் ஆயுளைக் குறைக்கும். அப்படி மருந்து போட்டுவிட்டு, ஈடுகட்ட இந்தப் பொடியைத் தூவுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஹெப்பாள் பக்கம் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகத்தில் புழு மாதிரியைக் காட்டுங்கள்.